சல்லடையும் யந்திரமும்

நம்மவர் நடத்தும் பள்ளி விழாக்களில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கப்படுகிறது. "இங்கிலாந்தைப் பாருங்கள்! சிலேட்டை எறிந்தான், வானொலியைக் கொண்டுவந்தான். வானொலியை ஒதுக்கினான், கணினியைக் கொண்டுவந்தான். ஆகவே கல்வியில் முன்னேறினான். நம் பள்ளிக்கும் பத்துக் கணினிகள் வந்துவிட்டால் நம் பிள்ளைகளின் தலையெழுத்தே மாறிவிடும்" என்பது அப்பேச்சின் சாரம். கை தட்டுகிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். பிறகு அறையைப் பூட்டிச் சாவியை மேசைக்குள் போட்டுவிடுகிறார்கள்.

அந்த இங்கிலாந்திலேயே பிறந்து, அந்நாட்டுப் பள்ளிகளிலேயே படித்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: இப்பேச்சின் முற்பாதி மெய், பிற்பாதி புரட்டு. கருவிகள் மாறின என்பது மெய். கருவிகளால் ஏழைப் பிள்ளையின் நிலை மாறிற்று என்பது புரட்டு. அந்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடப்படாத கருவி ஒன்று உண்டு. அதுதான் சல்லடை. இவன் மேலுக்கு உரியவன், அவன் கீழுக்கு உரியவன் என்று குழந்தைகளைச் சலித்துப் பிரிக்கும் சல்லடை. புதிய யந்திரம் எது வந்தாலும், அது சல்லடை தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் கைக்கே முதலிற் போய்ச் சேர்ந்தது.

இது வெறும் கசப்புப் பேச்சன்று, சரித்திரம்.

1862ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்பார் ஒரு திட்டம் வகுத்தார். பள்ளிக்குச் சர்க்கார் மானியம் வேண்டுமானால், ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். ஒழுங்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளை மூன்றிலும் தேறினால் அப்பிள்ளைக்கு 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். இன்னொன்றிலும் தவறினால் இன்னொரு பிடித்தம். பால்மரக்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. புகையிற் காயவைத்த ரப்பர்த் தகடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அடுக்கி விலை குறிப்பதைக் கண்டவர்கள் அல்லவா நாம்? அதையே இலண்டன் சர்க்கார் குழந்தைகளுக்குச் செய்தது. விளைவு யாது? உபாத்தியாயர்கள் மானியத்துக்காகப் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்வித்தார்கள். பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்தியூ ஆர்னால்டே இம்முறையைக் கண்டித்தார். ஆயினும் 1890களில்தான் அது ஒழிந்தது.

அந்நாட்டில் நன்மையே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1870இல் எங்கும் பள்ளி வேண்டும் என்று சட்டம் வந்தது. 1880இல் பத்து வயது வரை வருகை கட்டாயமாயிற்று. 1891இல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது. பள்ளியில் இருக்கவேண்டிய வயது 1918ஆம் ஆண்டுச் சட்டத்தால் 14 ஆகவும், 1947இல் 15 ஆகவும், 1972இல் 16 ஆகவும் உயர்ந்தது. 1987 முதல் சர்க்கார் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி நின்றது. தொழிலாளியின் பிள்ளையை உயர்த்தியவை இவைதாம். தோழர்களே, இந்தப் பட்டியலை மற்றொரு முறை படியுங்கள். இவற்றுள் எது மின்கம்பி வழியே வந்தது? ஒன்றுமில்லை. எல்லாம் போராட்டத்தின் வழியே, சட்டத்தின் வழியே வந்தவை.

1924இல் பி.பி.சி. பள்ளிகளுக்கென வானொலிப் பாடம் ஒலிபரப்பத் தொடங்கிற்று. 1957இல் பள்ளித் தொலைக்காட்சி வந்தது. அலைக்குப் பேதமில்லை, பிரபுவின் வீட்டிலும் சுரங்கத் தொழிலாளியின் வீட்டிலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து நிலைபெற்றது எது? பதினோரு வயதுப் பரீட்சை! எல்லோர்க்கும் இலவச இடைநிலைக் கல்வி என்று ஒரு கையால் கொடுத்த அரசு, ஒரு நாட் பரீட்சையால் பெரும்பாலான பிள்ளைகளை உயர்கல்விப் பாதையிலிருந்து விலக்கிற்று. தேறியவன் இலக்கணப் பள்ளிக்கு; தவறியவன் ஏட்டுப் படிப்புக்கு ஆகாதவன் என்ற முத்திரையோடு வேறு பள்ளிக்கு. பல வட்டாரங்களில் பெண்களுக்கு இடம் குறைவாயிருந்தமையால், ஆண்பிள்ளையைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பெண்பிள்ளையும் தள்ளப்பட்டாள்.

இதற்கு உளநூலார் தந்த நியாயம் யாது? அறிவு பெரும்பாலும் பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்பது. இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் சிரில் பர்ட். பிறவியால் உயர்வு தாழ்வு என்னும் இப்பாட்டை நாம் வேறு இராகத்தில் கேட்டதில்லையா? அவர் காட்டிய இரட்டையர் கணக்குகள் நம்பத்தக்கவையல்ல என்று 1970களில் அம்பலமாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனை இலட்சம் பிள்ளைகளின் வாழ்வு அந்தத் தராசில் நிறுக்கப்பட்டுவிட்டது!

இனி என் அனுபவம். என் தாயார் மலாயாத் தோட்டப்பள்ளி ஒன்றில் அரிச்சுவடி கற்று, பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் முடித்து, தாதிப் பயிற்சிக்காக 1950களின் இறுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். நான் 1971இல், ஐந்து வயதில், வட இங்கிலாந்து ஆலை நகரம் ஒன்றில் பள்ளி சேர்ந்தேன். ஏழு வயதைக் கடந்தவர்களுக்கு இலவசப் பால் இல்லை என்று அந்த ஆண்டுதான் சட்டமாயிற்று. எனக்குப் பால் கிடைத்தது. இரண்டு வயது மூத்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அதே பள்ளியில் உயர்ந்த கால்களும் சக்கரமும் கொண்ட தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாரந்தோறும் வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு வருவார்கள். சாராய மணம் வீசும் ஊதா மை நகல் தாள்களைக் கொடுப்பார்கள். தொலைக்காட்சிக்குப் பணம் இருந்தது, பாலுக்கு இல்லை!

வீட்டில் தமிழ் பேசுகிறவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பின்தங்கியோர் குழுவில் உட்காரவைத்தார்கள். இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகளை அறிவுக் குறைவுள்ளோர் பள்ளிகளுக்குத் தள்ளுவதை பெர்னார்டு கோர்டு என்னும் ஆசிரியர் 1971இலேயே நூலெழுதிக் கண்டித்தார். இலண்டனையடுத்த சவுத்தாலில் இந்தியப் பிள்ளைகள் ஓரிடத்தில் அதிகம் சேரக்கூடாதென்று பேருந்தில் ஏற்றித் தொலைதூரப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பேருந்தும் ஒரு யந்திரந்தான்; அதையும் சல்லடையாக்கத் தெரிந்தவர்களுக்கு எது சல்லடையாகாது?

1965இல் தொழிற்கட்சி சர்க்கார் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளிகளை அமைக்குமாறு உள்ளூராட்சிகளைக் கேட்டுக்கொண்டது. அது நல்ல காரியம். நானும் அத்தகைய பள்ளிக்கே போனேன். ஆனால் வாசலில் இருந்த சல்லடையை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். மேல் பிரிவுக்கு 'ஓ லெவல்' பரீட்சை. கீழ்ப் பிரிவுக்கு 'சி.எஸ்.இ.' என்னும் மற்றொரு பரீட்சை. நான் கீழ்ப் பிரிவு.

1981 டிசம்பரில் ஏக்கார்ன் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ கணினி வெளிவந்தது. ஒவ்வோர் இடைநிலைப் பள்ளிக்கும் ஒரு கணினியாவது வேண்டுமென்று பாதி விலையைச் சர்க்காரே கொடுத்தது. நாடெங்கும் ஆரவாரம். எங்கள் பள்ளிக்கும் ஒன்று வந்தது. யாருக்கு? கணக்கில் மேல் பிரிவு மாணவர்களுக்கு. நாங்கள் கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியே பார்த்தோம். கீழ்ப் பிரிவினர் தொட்டால் பழுதாகிவிடும் என்றார் ஓர் உபாத்தியாயர்.

என்னை மேலேற்றியது எது? அந்த யந்திரமன்று. கணக்கு உபாத்தியாயினி ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை, பள்ளி விட்ட பிறகு, கீழ்ப் பிரிவில் விருப்பமுள்ள நால்வரை வைத்துச் சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் கொண்டு 'ஓ லெவல்' பாடத்தை நடத்தினார். பரீட்சைக் கட்டணத்தை என் தாயார் இரவுப் பணிச் சம்பளத்திலிருந்து கட்டினார். நால்வரில் மூவர் தேறினோம். பிறவியில் அளந்து வைத்த அறிவு அந்த மாலை வேளைகளில் எப்படி வளர்ந்ததாம்?

"அப்படியானால் நீர் விஞ்ஞானத்துக்கு விரோதியோ?" என்று கேட்பர் சிலர். அன்று! யந்திரம் நன்றாகப் பயன்பட்டதற்கும் அந்த நாடே சான்று தருகிறது. 1969இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1971இல் அதன் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். அதற்காக வாதாடி வென்ற மந்திரி ஜென்னி லீ ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். அது முன் தேர்ச்சிச் சான்று ஏதும் கேட்கவில்லை. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடம், அஞ்சலில் புத்தகம், அதோடு ஒவ்வொரு மாணவர்க்கும் வழிகாட்ட ஓர் ஆசிரியர். பதினோரு வயதில் தள்ளப்பட்டவர்கள் முப்பதிலும் ஐம்பதிலும் பட்டம் பெற்றார்கள். அதே தொலைக்காட்சிதான்! ஆனால் அங்கே சல்லடை இல்லை, ஆசிரியர் உண்டு. வேற்றுமை அவ்வளவே, அதுவே எல்லாம்.

பின் வந்ததைப் பாருங்கள். 1988இல் இரண்டு பரீட்சைகளும் ஒன்றாயின. ஆனால் அந்தப் புதிய பரீட்சையிலும் பல பாடங்களில் மேல்தாள், கீழ்த்தாள் என்று பிரித்தார்கள். 1992 முதல் பள்ளிகளையே மதிப்பெண்ணால் வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டார்கள். 2000களில் தொட்டால் இயங்கும் மின்பலகைகள் சுவர்தோறும் ஏறின. இங்கிலாந்தில் 163 இலக்கணப் பள்ளிகள் இன்றும் பிள்ளைகளைச் சலித்தே சேர்க்கின்றன.

2020இல் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டன. கல்வியெல்லாம் இனிக் கணினியில் என்றார்கள். அப்போதுதான் வெளிப்பட்டது: வீட்டில் கணினியோ கைப்பலகையோ இல்லாத பிள்ளைகள் 11 இலட்சத்து 40 ஆயிரம் முதல் 17 இலட்சத்து 80 ஆயிரம் வரை இருக்கலாம் என்று ஆஃப்காம் என்னும் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமே மதிப்பிட்டது. பி.பி.சி. மைக்ரோ வந்து நாற்பது ஆண்டுகள் ஆகும் தறுவாயில்!

அதே ஆண்டில் உச்சக்கட்டமும் நடந்தது. பரீட்சை நடத்த இயலாமையால் ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டை ஒரு கணக்குச் சூத்திரத்தில் இட்டார்கள். அச்சூத்திரம் மாணவனைப் பார்க்கவில்லை. அவன் படித்த பள்ளியின் முந்தைய ஆண்டுகளைப் பார்த்தது. ஆகஸ்டு 13ஆம் நாள் முடிவு வந்தபோது, இங்கிலாந்தில் 'ஏ லெவல்' மதிப்பீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 39, ஆசிரியர் தந்ததைவிடக் கீழே இறக்கப்பட்டிருந்தன. மிகச் சிறு வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொன்னதே நின்றது. சிறு வகுப்புகள் அதிகம் எங்கே? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்! மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். நான்கே நாளில், 17ஆம் நாள், சர்க்கார் பணிந்து ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது. யந்திரம் இதுவரை சல்லடைக்குப் பக்கத்தில் நின்றது. அன்று யந்திரமே சல்லடையாயிற்று.

இதெல்லாம் சீமைச் சங்கதி, நமக்கென்ன என்று யாரும் நினைக்கவேண்டாம். கேம்பிரிட்ஜ் பரீட்சை 1891இலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. அவர்கள் சல்லடையில்தான் நம் பாட்டன்மாரும் விழுந்தார்கள். இன்று இங்கேயும் அது அசைகிறது: மலேசியாவில் ஆறாமாண்டு யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2024இல் உயர்நிலை சேர்ந்தவர்கள் தொட்டு, விரைவு, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. பெயர் போனது, தன்மை போனதா என்று காவலிருப்பது பெற்றோர் கடன்.

ஆகவே அடுத்த விழாவில் கணினிகளுக்குத் திரை விலக்கும்போது கை தட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். சாவி யாரிடம்? கடைசி வரிசைப் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி? கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்கே? வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? இவற்றுக்கு விடை உண்டென்றால் மாலை போடுங்கள். இல்லையென்றால், அங்கே திறக்கப்படுவது கல்வியன்று, ஒரு காட்சிசாலை.

யந்திரம் வரட்டும், வரவேற்போம். ஆனால் அது நுழையும் வாசலில் சல்லடை தொங்குமானால், முதலில் அதைக் கழற்றி எறிவோம்!