குரூஸர் பைக்கின் முன் டயர்: ஒரு படி போதும்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள டயர் கடைக்கு ஒரு குரூஸர் பைக் வந்து நின்றால், தேய்ந்த டயருக்கு மாற்று கேட்பதோடு பேச்சு முடிவதில்லை. “அண்ணே, முன்னாடி இதைவிட அகலமா போடலாமா?” என்ற கேள்வியும் கூடவே வரும். கடைக்காரர் குனிந்து, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார். “இடம் இருக்கு தம்பி, உட்காந்துடும்” என்பார். கொஞ்ச நேரத்தில் புது டயர் ஏறிவிடும். டயர் உட்காருமா என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. வளைவில் வண்டி எப்படித் திரும்பும், அவசரத்தில் பிரேக் பிடித்தால் எப்படி நிற்கும் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

அகலமான முன் டயர் வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ன் பின் டயர் 140 மி.மீ. அகலம், முன் டயர் 100 மி.மீ. சூப்பர் மீட்டியார் 650-ல் பின்னால் 150, முன்னால் அதே 100. தாழ்ந்த இருக்கை, உருண்ட டேங்க், தடித்த பின்சக்கரம் எல்லாம் சேர்ந்து கம்பீரமாக நிற்கும் வண்டிக்கு முன்பக்கம் மட்டும் ஒல்லியாக இருப்பது சிலர் கண்ணை உறுத்துகிறது. குரூஸர் வாங்குபவர் வேகத்துக்காக மட்டும் வாங்குவதில்லை. தோற்றத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.

இந்த ரசனைக்கு ஊற்று அமெரிக்கா. 1969-ல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ படத்தின் புகழ்பெற்ற சாப்பர் வண்டிக்கு மெலிந்த 21 அங்குல முன்சக்கரம். முன் பிரேக்கே கிடையாது. 1990-ல் ஹார்லி டேவிட்சன் ‘ஃபேட் பாய்’ வந்தபோது அழகின் இலக்கணம் மாறியது. 16 அங்குல ரிம்மில் குண்டான முன் டயர், துளையில்லாத வட்டத்தகடு போன்ற சக்கரம். அடுத்த ஆண்டே ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் அர்னால்ட் அதை ஓட்டினார். உலகமெங்கும் அந்த உருவம் பரவியது. 2010-ல் வந்த ‘ஃபார்ட்டி-எய்ட்’ 130 மி.மீ. முன் டயரையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 2018 மாடல் ஃபேட் பாயில் முன் டயர் 160 மி.மீ. ஆனது. மீட்டியாரின் பின் டயரைவிட அது அகலம்.

ஆனால் அந்த வண்டிகள் எவையும் கடையில் டயர் மாற்றி உருவானவை அல்ல. 2018 ஃபேட் பாய்க்கு ஹார்லி புதிய சட்டகத்தையே செய்தது. ஃபோர்க்கின் இடைவெளி, ஹேண்டிலின் சாய்வு, ரிம்மின் அகலம் எல்லாம் அந்த 160 மி.மீ. டயரை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. நம் ஊர் உதாரணம் இன்னும் தெளிவானது. பழைய கிளாசிக் 350-ன் முன் டயர் 90/90-19. 2021-ல் வந்த புதிய கிளாசிக்கில் அது 100/90-19. ஒரே ஒரு படிதான் கூடியது. அதோடு சட்டகமும் எஞ்சினும் புதிதாயின. ஃபோர்க் குழாயின் தடிமன் 35 மி.மீட்டரிலிருந்து 41 மி.மீட்டராக உயர்ந்தது. நிறுவனமே 10 மி.மீ. கூட்டுவதற்கு இவ்வளவும் செய்திருக்கும்போது, சொந்தக்காரர் அதே வண்டியில் 20, 30 மி.மீ. கூட்டுவதற்கு முன் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களிலிருந்து தொடங்கலாம். 100/90-19 என்றால் அகலம் 100 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், அதாவது 90 மி.மீ.; ரிம்மின் விட்டம் 19 அங்குலம். இரண்டாவது எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. அது விகிதம் என்பதால், அகலம் கூடும்போது உயரமும் கூடவே ஏறிவிடுகிறது. 90/90-19 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 645 மி.மீ. அதே இடத்தில் 110/90-19 ஏறினால் 681 மி.மீ. சக்கரம் 36 மி.மீ. பெரிதாகிறது, வண்டியின் மூக்கு 18 மி.மீ. தூக்குகிறது, சுற்றளவு சுமார் ஐந்தரை சதவீதம் கூடுகிறது. பழைய புல்லட்டைப் போல முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியே வேகம் காட்டும் வண்டியில், மீட்டர் அதுவரை சரியாகக் காட்டியிருந்தால், இனி நிஜமாக 80 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 76-ஐ ஒட்டி நிற்கும். ஓட்டுபவர் நினைப்பதைவிட வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். இரண்டு சக்கரத்திலும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், சென்சார்கள் முன், பின் சக்கரங்களின் சுழற்சியை இடைவிடாமல் கணக்கிடுகின்றன. தொழிற்சாலை வைத்த டயர் அளவுகளை நம்பித்தான் அந்தக் கணக்கு நடக்கிறது. ஒரு சக்கரத்தின் சுற்றளவை மட்டும் மாற்றுவது அந்தக் கணக்கின் அடிப்படையில் கை வைப்பதாகும்.

அகல டயர் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், “கிரிப் கூடும்” என்பது. இங்கேதான் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. டயர் தரையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் மேல் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். முன்சக்கரத்தின் மேல் 90 கிலோ எடை, உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் (சுமார் 28 பிஎஸ்ஐ) என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 45 சதுர சென்டிமீட்டர். டயரை அகலமாக்கி அதே காற்றை வைத்தால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் மாறும். நீளமாக இருந்த தடம் குட்டையாகவும் அகலமாகவும் ஆகும். ஈரத் தரையில் அகலமான தடம் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கும். கிரிப்பை உண்மையில் கூட்டுபவை நல்ல ரப்பர் கலவை, தேயாத பட்டன், சரியான காற்று, பழசாகாத டயர் ஆகியவையே. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி ஒன்று அச்சாகியிருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. அகலத்தை விசாரிப்பதற்கு முன் அதை வாசித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வளைவு. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது, டயர் தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்கிறது. டயரின் மேற்பரப்பை அரைவட்டமாக எடுத்துக்கொண்டால், 30 டிகிரி சாய்வில் 100 மி.மீ. டயரில் அந்த நகர்வு 25 மி.மீ.; 130 மி.மீ. டயரில் 32-ஐத் தாண்டுகிறது, 160 மி.மீ. டயரில் 40. சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் தரை பின்னோக்கி இழுக்கும் விசை நடுக்கோட்டில் விழாமல் இவ்வளவு தள்ளி விழுகிறது. அது ஹேண்டிலை வளைவின் உட்பக்கம் திருப்பிவிடுகிறது. அப்போது வண்டி நிமிர்ந்து, வளைவை விட்டு வெளியே போகப் பார்க்கிறது. மலைப்பாதையில் திடீரென எதிரே பஸ் வரும்போது பிரேக்கைத் தொடுவது இயல்பு. தொட்ட கணத்தில் வண்டி வெளிப்பக்கம் போவது யாரும் எதிர்பார்க்காதது. மெல்லிய டயரிலும் இந்த விளைவு உண்டு. டயர் தடிக்கத் தடிக்க அது வளர்கிறது.

நேராகப் போகும்போதும் வேறுபாடு தெரியும். ஹேண்டிலின் அச்சை நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். முன்சக்கரம் தரையைத் தொடுவது அதற்குக் கொஞ்சம் பின்னால். இந்த இடைவெளியை டிரெயில் என்பார்கள். சூப்பர் மீட்டியாரில் அது 118.5 மி.மீ. அங்கே 110/90-19 டயரை ஏற்றினால் சக்கரத்தின் ஆரம் 9 மி.மீ. கூடி, டிரெயிலும் சுமார் 5 மி.மீ. நீளும். நெடுஞ்சாலையில் வண்டி இன்னும் நிதானமாக, கோடு பிடித்தாற்போல் ஓடும். திருச்சி, மதுரை என்று நாற்கரச் சாலையிலேயே நாளெல்லாம் ஓட்டுபவருக்கு அது பிடிக்கவும் செய்யும். ஊருக்குள் நெரிசலில் ஹேண்டில் கனக்கும், யூ-டர்னில் தோள் வலிக்கும். எடை 241 கிலோ உள்ள வண்டியில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

ரிம் இன்னொரு எல்லை. பழைய புல்லட்டுகளின் முன் ரிம் 1.85 அங்குல அகலம், 90 மி.மீ. டயருக்கு ஏற்றது. அதில் 110 டயரைத் திணித்தால் இரு பக்கச்சுவர்களும் உள்ளே நெருக்கப்பட்டு, டயரின் நடுப்பகுதி மேலே கூம்பி நிற்கும். நேராக ஓடும்போது அந்தக் கூம்பு மட்டுமே தரையைத் தொடும். வளைவில் பக்கச்சுவர் நெளிந்து வண்டி ஆடுவதுபோல் இருக்கும். எந்த டயருக்கு எந்த ரிம் அகலம் என்ற அட்டவணையை ஒவ்வொரு டயர் நிறுவனமும் வைத்திருக்கிறது. ரிம்மின் அகலமும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடையில் அதைத் துடைத்துப் படிக்க அரை நிமிடம் போதும்.

இடைவெளியையும் விரலால் அளந்தால் போதாது. புதிய டயர் மட்கார்டிலிருந்தும் ஃபோர்க்கிலிருந்தும் எல்லாப் பக்கமும் தள்ளி நிற்க வேண்டும். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும். செம்மண் சாலையில் பட்டன்களுக்கு நடுவே சேறும் ஜல்லியும் சிக்கும். ஒரு கல் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மாட்டினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் தப்புவது கடினம். முழுதாக அமுங்கிய ஃபோர்க்கிலும் இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அகலமே கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு படி அகலமான டயரில் காற்றின் கொள்ளளவு கூடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் ரிம் அடிபடுவது குறையலாம். சுமை எண்ணும் கூடுகிறது: 52 என்றால் 200 கிலோ, 57 என்றால் 230 கிலோ. வழி ஒன்று உண்டு: அகலத்தைக் கூட்டும்போது விகித எண்ணை இறக்குவது. 100/90-19 உள்ள வண்டிக்கு 110/80-19 போட்டால் மொத்த விட்டம் 663-லிருந்து 659 மி.மீ. ஆகிறது, வித்தியாசம் நான்கே மி.மீ. மீட்டரும் ஏபிஎஸ்ஸும் டிரெயிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சுசூகி வி-ஸ்ட்ராம் 650 போன்ற பயண வண்டிகளின் முன் டயர் அளவு இது. கவனிக்க வேண்டிய ஒன்று, இந்த அளவில் கிடைப்பவை பல ரேடியல் டயர்கள். பின்னால் சாதாரண நைலான் பயாஸ் டயர் இருக்கும்போது முன்னால் ரேடியலைப் போடக் கூடாது என்பது டயர் துறையின் பொதுவான அறிவுரை. பின் டயருக்காகச் செய்ததை முன்னால் மாட்டுவதும் தவறு. எந்தச் சக்கரத்துக்கு எந்தத் திசை என்று அம்புக்குறி டயரிலேயே இருக்கிறது.

ஒரு படி, அதுவும் விட்டம் மாறாமல், ரிம் அட்டவணை அனுமதித்தால் மட்டும்: நியாயமான எல்லை இதுதான். 130-ம் 150-ம் வேண்டும் என்று ஆசைப்படுபவர், அந்த அகலத்துக்கென்றே வடிவமைத்த வண்டியைத் தேடுவதே சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து விலகி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஃபோர்க்கையும் ரிம்மையும் மாற்றிக் குண்டு டயர் ஏற்றியவர், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம்.

பொறுப்பு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஜெர்மனியில் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட டயர் அளவுகள் பதிவில் இருக்கின்றன. வேறு அளவு மாட்ட விரும்புபவர் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கே கையேட்டில் இருப்பது ஒரே அளவு. அதைத் தாண்டி எது சரி, எது ஆபத்து என்று கேட்டால் கடைக்காரரின் அனுபவமும் நண்பர்களின் பேச்சும்தான் துணை.

இதை மாற்றுவதற்கு வேண்டிய எல்லாமே தமிழ்நாட்டில் இருக்கின்றன. புல்லட் தயாரிப்பு 1950-களில் தொடங்கிய திருவொற்றியூரில்தான், பலூன் செய்யும் சிறு தொழிலாக 1946-ல் பிறந்த எம்ஆர்எஃப்பும் வளர்ந்தது. டிவிஎஸ் ஸ்ரீசக்ரா மதுரையில் டயர் செய்கிறது. ராயல் என்ஃபீல்டின் இன்னொரு தொழிற்சாலை ஒரகடத்தில். வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் அதன் ஓட்டத் தடமும் அதே ஒரகடத்தில். ஒவ்வொரு குரூஸருக்கும் ஒன்றிரண்டு மாற்று அளவுகளை அங்கே ஈரத் தரையிலும் வளைவிலும் ஓட்டிச் சோதித்து, தேறியவற்றை ரிம் அகலத்தோடும் காற்றழுத்தத்தோடும் கையேட்டில் தமிழிலும் அச்சிட வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் ஒவ்வொரு டயர் கடைச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். வண்டித் தயாரிப்பாளர்களும் டயர் நிறுவனங்களும் சேர்ந்து அடுத்த மாடல் வருவதற்குள் இதைச் செய்துவிட முடியும்.