நாதாங்கியைத் தாங்கும் ஸ்க்ரூ

2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே, கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தைக் கொன்ற கொள்ளையர் கதவை உடைத்துத்தான் உள்ளே புகுந்தார்கள். செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரை, இரவு ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர்கள் இன்றும் பெரிய பூட்டைத்தான் நம்புகிறார்கள். பூட்டு எத்தனை கனமாக இருந்தாலும் நாதாங்கி முக்கால் அங்குல ஸ்க்ரூவில் தொங்கினால், கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினாலே பெயர்ந்துவிடும். நாதாங்கிக்கும் கீல்களுக்கும் மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு நிலைக்கட்டையில் ஆழ இறக்க வேண்டும். கடப்பாரையோடு வருபவனை எந்தக் கதவும் தடுக்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் சத்தம் கேட்டு அக்கம்பக்கம் எழுந்திருக்க அவகாசம் கிடைக்குமே. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்பது இன்னும் நியாயமான கேள்வி. அதற்கு, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் வேண்டும். சுவரில் ஆணியடிக்கவே அனுமதி கேட்கும் குடித்தனக்காரரால் இதையெல்லாம் செய்ய முடியாது. பல மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வீட்டுக்காரர்தான் செய்துதர வேண்டும்.