ஞாயிற்றுக்கிழமை யாருடையது?



2021 ஆகஸ்ட் 7 நினைவிருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த சனிக்கிழமை. கோல்ஃப் பக்கமே போகாத வீடுகளில்கூட அன்று காலை டிவி ஓடியது. நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்குக்குப் பதக்கம் கிடைத்துவிடாதா என்ற தவிப்பு. ஒரே ஒரு அடியில் அது நழுவி, நான்காவது இடத்தோடு நின்றுபோனது.

அவருடைய கோல்ஃப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தவர், அவர் அம்மா.

"இந்த ஆட்டம் எப்போதான் முடியும்?" என்று அன்று எத்தனை பேர் கேட்டிருப்போம்!

ஒரு ரவுண்டு என்றால் 18 குழிகள். தூரத்தைப் பொறுத்து ஒவ்வொரு குழிக்கும் மூன்று, நான்கு, ஐந்து அடி என்று ஒரு கணக்கு. அதுதான் 'பார்'. 18 குழிகளையும் முடிக்கும்போது யார் குறைவாக அடித்திருக்கிறாரோ அவருக்கே வெற்றி.

பந்தை அடிக்க ஆவது சில நொடிதான். மீதியெல்லாம் நடை. பந்து விழுந்த இடத்துக்கு நடக்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும், கூட ஆடுபவர் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பந்து புதருக்குள் போனால் தேடுவதற்கு மூன்று நிமிடம். 2019க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து ஆடினால் நான்கு மணி நேரமாவது ஆகும். போக வரவும் சேர்த்தால் அரை நாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு அரை நாள் என்றைக்குக் கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமைதானே?

அதிதி ஆடிய கசுமிகசெகி கன்ட்ரி கிளப்பில் 2017 வரை பெண்கள் முழு உறுப்பினராக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடவும் முடியாது. ஒலிம்பிக் கமிட்டி அழுத்தம் கொடுத்த பிறகுதான் விதி மாறியது. நான்கே ஆண்டுகளில் அதே புல்வெளியில் ஓர் அம்மாவும் மகளும் பதக்கத்துக்காக நடந்தார்கள்.

அந்த விதியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே நம் வீடுகளும் நினைவுக்கு வந்தன. நாம் எந்த விதியையும் எழுதி மாட்டவில்லை. ஆனால் ஞாயிறன்று கறி வந்ததும் மசாலா அரைப்பது யார்? வாரம் முழுக்கச் சேர்ந்த துணி யார் கைக்குப் போகிறது? மகன் பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால், "சாப்பாட்டுக்கு வந்துடுப்பா" என்கிறோம். மகள் ஷட்டில் ஆடக் கிளம்பினால், "வீட்ல இவ்ளோ வேலை கிடக்கே?" என்கிறோம். இது சரியா?

கோல்ஃபில் ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு காலை உங்கள் வீட்டுப் பெண்களை வெளியே அனுப்புங்கள். நடக்கட்டும், நீந்தட்டும், பந்தாடட்டும். அடுப்படியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று எப்படிப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்