5 மா நிலம் என்றால் மாமரமா? டெல்டா பள்ளிகளில் ஏ.ஐ. பாடம் எப்படி நடக்க வேண்டும்?

தஞ்சாவூர்:-

அரசு பள்ளி மாணவ-மாணவிகளுக்கும் ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு பாடம் வந்துவிட்டது. தமிழக பள்ளிக்கல்வித்துறை 2025-ம் ஆண்டு 'டி.என். ஸ்பார்க்' என்ற திட்டத்தை 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக அறிமுகப்படுத்தியது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2019-20 கல்வியாண்டிலேயே 9-ம் வகுப்பில் இது விருப்ப பாடமாக வந்தது. 2026-27 முதல் 3-ம் வகுப்பிலேயே தொடங்கப்போவதாக மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது.

பாடம் வந்தது சரி. எதை வைத்து சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஏ.ஐ. என்றாலே டிரைவர் இல்லாத கார், ஆன்லைனில் சாமான் வாங்குவது, சினிமாவை சிபாரிசு செய்யும் ஆப் என்றுதான் உதாரணம் வருகிறது. டிரைவர் இருக்கிற டவுன் பஸ்சே நேரத்துக்கு வராத ஊர் பிள்ளைக்கு இதில் என்ன ஒட்டும்? மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடும்.

வயலுக்கு எப்போதோ வந்தாச்சு

இத்தனைக்கும் ஏ.ஐ. டெல்டாவுக்கு புதுசு அல்ல. பி.எம். கிசான் பணம் பற்றிய சந்தேகங்களுக்கு பதில் சொல்ல 2023-ல் வந்த 'கிசான் இ-மித்ரா' தமிழிலும் பேசுகிறது. பூச்சி தாக்கிய பயிரை போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன பூச்சி என்று கண்டுபிடிக்கும் தேசிய பூச்சி கண்காணிப்பு திட்டம் 2024 ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. பயிர் காப்பீட்டில் நெல், கோதுமை மகசூலை செயற்கைக்கோள் படம், கம்ப்யூட்டர் கணக்கு ஆகியவற்றின் உதவியோடு மதிப்பிடும் முறையையும் மத்திய அரசு 2023-ல் கொண்டு வந்தது.

அதாவது, அப்பாவுக்கு நஷ்டஈடு எவ்வளவு என்ற கணக்கிலேயே மெஷினுக்கு பங்கு வந்துவிட்டது. அந்த மெஷின் எப்படி முடிவு எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் அந்த வீட்டு பிள்ளைதானே?

'மா' தெரியுமா?

டெல்டாவில் யாரும் ஏக்கர் கணக்கில் மட்டும் பேசுவது இல்லை. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூணு மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். "எங்களுக்கு 5 மா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் ஊரில் எல்லோருக்கும் புரியும். மெஷினுக்கு? மா என்றால் மாமரம், மா என்றால் மாவு, மா என்றால் பெரிய என்றும் பொருள். இந்த ஊர் பேச்சை அது அதிகம் படித்திருக்காவிட்டால் நிலம் மரமாகிவிடும்.

புகையானும் அப்படித்தான். நெல்லின் தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. தாக்கிய இடம் நெருப்பில் கருகியது போல வட்டமாக காயும். "வயல்ல புகையான் அடிச்சிருச்சு, என்ன பண்றது?" என்று கேட்டால் மெஷின் பூச்சியை சொல்கிறதா, புகையை சொல்கிறதா? வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். தப்பாக சொன்னால் ரொம்ப நல்லது. ஏன் தப்பு என்று தேடும்போதுதான் பாடமே ஆரம்பிக்கிறது. போட்டதைத்தான் மெஷின் திருப்பித் தரும், யாரும் போடாதது அதற்குத் தெரியாது என்பது 10 வயது பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

கையால் செய்தும் பார்க்கலாம். கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' இலவசம், புரோகிராம் எழுத தெரிய வேண்டியது இல்லை. நல்ல இலை படம் 50, குலைநோய் புள்ளி விழுந்த இலை படம் 50 கொடுத்தால் பிரித்துக்காட்ட அதுவே பழகிக்கொள்ளும். பிறகு சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படத்தை கொடுத்தால் தடுமாறும். எந்த நோய் என்று உறுதிப்படுத்த ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வட்டார சொற்களை பிள்ளைகள் தாத்தா-பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தால் சரிபார்க்க தஞ்சையிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

நியூசிலாந்தில் மாவோரி மக்கள் இதை செய்து காட்டினார்கள். 2018-ல் தே ஹிக்கு என்ற மாவோரி வானொலி நிறுவனம் ஊர் மக்களை சொந்த மொழியில் வாசிக்க வைத்து 10 நாளில் 300 மணி நேரத்துக்கும் மேல் குரல் பதிவுகளை திரட்டியது. அதை வைத்து தங்கள் பேச்சை புரிந்துகொள்ளும் மென்பொருளை செய்தார்கள். பதிவுகளை பெரிய கம்பெனிகளிடம் கொடுக்கவில்லை. நம்ம பிள்ளைகளின் முகத்தையும் குரலையும் கண்ட ஆப்பில் ஏற்றக்கூடாது என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது.

17 சதவீத கணக்கு

மெஷின் சொல்லும் நம்பருக்கு என்ன பலம் என்று டெல்டா பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தை தாண்டினால் நெல் நிற்கும். 2025 அக்டோபர் மழையில் குவித்து வைத்த குறுவை நெல் முளைவிட்டதையும், வரம்பை 22 சதவீதமாக்க தமிழக அரசு கேட்டதையும் வீட்டில் பேசக் கேட்டிருப்பார்கள்.

ஈரப்பத மீட்டர் ஏ.ஐ. இல்லைதான். ஆனால் ஒரே குவியலில் மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்து வைத்தால் நம்பர் மாறும். எந்த பிடியை எடுத்தாய் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு காப்பீட்டு மதிப்பீட்டில் எந்த வயல், எந்த தேதி படம் என்றும் கேட்கும். இந்தக் கேள்விக்கு இடம் இல்லாத ஏ.ஐ. பாடம் வெறும் செல்போன் பயிற்சிதான்.

நடைமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பா பயிரில் நோய் தெரிவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். பள்ளியில் அப்போது அரையாண்டு தேர்வு அவசரம், போதாக்குறைக்கு மழை விடுமுறை. எனவே இலை படம் எடுக்கும் வேலையை பாட அட்டவணைப்படி போடாமல், நடவு தேதியை வைத்து ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ள தலைமை ஆசிரியர்களுக்கு அனுமதி தர வேண்டும்.