அம்மாயி கண்ட ஊற்றும் நமது பாடநூலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி ஒருவர்)

நீலகிரியில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் சமவெளியிலிருந்து வந்து படிக்கும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லி மீட்டருக்கும் மேல் மழை கொட்டியதே, அந்த மலையிலா பஞ்சம் என்று கேட்கிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். பெய்த மழையில் பெரும்பகுதி சரிவில் ஓடிப் பவானிக்கும் மாயாற்றுக்கும் போய்ச் சேர்கிறது. கோடையில் நமக்கு எஞ்சுவது மண் குடித்து வைத்திருக்கும் நீர்தான்.

நான் பிறந்தது அப்படிப்பட்ட லயம் ஒன்றில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. என் அம்மாயி, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக, இளவயதில் இலங்கை மலையகத்திலிருந்து இங்கு வந்தவர். தண்ணீர் பிடிக்கும் இடத்தை இன்றும் ‘பீலி’ என்றே சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த ஆண்டு கோடையில் எங்கள் லயத்துக் குழாய் வறண்டது. அலுவலகத்தில் சொன்னோம். ‘பார்க்கலாம்’ என்றார்கள். பார்க்கவில்லை. பத்து நாள் அடுத்த தோட்டத்துக்கு நடந்தோம். பதினோராம் நாள் அம்மாயி தலைச்சுமை விறகை இறக்கி வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "வா பாப்பா" என்றார்.

அவர் நேரே பள்ளத்தில் இறங்கவில்லை. எதிர்ச்சரிவில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். புல்லெல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்த சரிவில், இரண்டு மடிப்புகள் கூடும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தது. அங்கே போனோம். சேம்பு, வல்லாரை, பாறையோரம் பெரணி. கையால் மண்ணைப் பிடித்துப் பிசைந்து பார்த்துவிட்டு வெட்டினார். முழங்கால் ஆழத்தில் மண் கசிந்தது. குடம் நிறைய அரைமணி நேரம் ஆயிற்று, ஆனால் நிறைந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க அம்மாயி?"

"சேம்பு பொய் சொல்லாது பாப்பா. எல்லாம் காயற காலத்துல அது மட்டும் பச்சையா நின்னா, அடியில எதையோ குடிக்குதுன்னுதானே அர்த்தம்?"

இதன் விளக்கம் எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகே கிடைத்தது. சேம்பின் அகன்ற இலை ஏராளமான நீரை ஆவியாக வெளியேற்றுகிறது. இடைவிடாத ஈரம் இல்லாமல் அது கோடையைத் தாங்காது. இந்த மலையின் சார்னோக்கைட் பாறை மேற்புறத்தில் சிதைந்து மண்ணாகியிருக்கிறது. மழைநீர் அந்த மண்ணில் இறங்கி, கீழே கெட்டிப் பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவு வெட்டுப்பட்ட மடிப்பில் வெளிவருகிறது. அம்மாயி மேட்டில் தேடாமல் மடிப்பில் தேடியதன் காரணம் இதுவே. அவர் முடிவைச் சொன்னார். பேராசிரியர் காரணத்தைச் சொன்னார். இரண்டும் ஒரே பாடம் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் ஆதங்கமெல்லாம் அதுதான்.

இது எங்கள் லயத்தோடு நிற்கும் செய்தியன்று. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் ‘பிருகத் சம்ஹிதை’யில் நிலத்தடி நீருக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நாவல் மரத்துக்குக் கிழக்கே அருகில் புற்று இருந்தால், மரத்தின் தெற்கே மூன்று முழத்தில், இரண்டு ஆள் ஆழத்தில் நல்ல நீர் உண்டு என்கிறார். கறையானுக்கு ஈரம் வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் முழக்கணக்கை அப்படியே வேதவாக்காகக் கொள்ளலாகாது. அவர் கண்ட நிலம் வேறு, நம் மலை வேறு. தேங்காயைக் கையில் ஏந்தியும் கவைக்குச்சியைப் பிடித்தும் நீரோட்டம் பார்ப்பதையோ நான் ஏற்கமாட்டேன். முறையான சோதனைகளில் அது குருட்டு ஊகத்தை விஞ்சியதில்லை. சேம்புக்கும் நீருக்கும் தொடர்பு உண்டு, குச்சிக்கு இல்லை. பழமை என்பதற்காக இரண்டையும் ஒரே கட்டில் கட்டி ஒன்றாகப் போற்றுவதும் ஒன்றாக எறிவதும் சோம்பேறித்தனம்.

காட்டில் வழிதவறியவர்களுக்கும் இதே கண் உதவும். விலங்குத் தடங்கள் ஒன்றுகூடி இறங்கும் திசையைப் பாருங்கள். வறண்ட ஆற்று மணலை யானை காலால் தோண்டி, ஊறும் நீரைக் குடிக்கும். சோலையில் மரப்பெரணி நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஓடை கேட்கும். ஆனால் தெளிந்த நீர் தூய நீர் அன்று. தேயிலைச் சரிவின் கீழே ஊறுவதில் மேலே தெளித்த மருந்தும் இறங்கியிருக்கலாம். அம்மாயி தண்ணீரைக் கொதிக்க வைத்தார். ஆனால் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், மருந்து போகாது. இந்த இடத்தில் வேதியியல் துறை நண்பர்கள் நமக்கு உதவ வேண்டும்.

அடையாளங்களே மாறி வருவதுதான் பெரிய கவலை. ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த கற்பூர மரமும் சீகையும் புல்வெளிகளை விழுங்கின. கிளென்மார்கனில் உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1972 முதல் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் பெரும்பகுதி கற்பூர மரம். மற்றது புல்லும் சோலையும். முதல் பத்தாண்டிலேயே மரம் நட்ட பக்கத்தின் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பச்சையாகத் தெரிவதெல்லாம் நீரின் அடையாளம் அல்ல; அதைக் குடித்துத் தீர்ப்பதாகவும் இருக்கலாம். தோடர்களின் மந்துகளில் பால்மனைக்கு ஒரு நீர், வீட்டுக்கு ஒரு நீர் என்று பிரித்துக் காத்ததை ரிவர்ஸ் 1906இல் எழுதிவைத்தார். சதுப்பைத் தூர்த்துக் காரட் போடும் நாம் எதைப் பிரித்துக் காக்கிறோம்?

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம், புகைப்படமும் எடுத்துக்கொள்கிறோம். ஓராண்டு அதை நிறுத்திவிட்டு, அவரவர் ஹட்டியிலும் லயத்திலும் உள்ள ஊற்றுகளை மார்ச், ஏப்ரலில் எண்ணுவோம் என்பது என் யோசனை. எந்த மடிப்பில் உள்ளது, சுற்றிலும் என்ன செடி, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் - இவ்வளவுதான் குறிக்க வேண்டும். கைக்கடிகாரமும் நோட்டும் போதும். ஆசிரியப் பெருமக்கள் இதைச் செய்முறைத் தேர்வுக்கான பதிவேட்டில் ஏற்றுக்கொள்ள மனம் வைக்க வேண்டும்.

அம்மாயிக்கு எழுபது கடந்துவிட்டது. பள்ளத்தில் இறங்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. இந்தக் கோடையில் எதிர்ச்சரிவில் அவரை உட்கார வைத்து, அவர் கை நீட்டும் இடத்துக்கு நான் இறங்கிப் போவதாக ஏற்பாடு. உடன் வர விரும்பும் தோழியர் மார்ச் முதல் ஞாயிறு காலை வரலாம். மண்வெட்டி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.