மருந்தடிச்சும் சாகாத புழு

"ஆளின்ர உடம்பு மருந்துக்கு ஒத்து வரேல்ல." புற்றுநோய் திரும்ப வந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்டதும் எங்கட பக்கம் சொல்லுகிற வசனம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பல நேரம் உடம்பு அப்படியேதான் இருக்கிறது, மாறியது புற்று. அதுவும் உயர்தர உயிரியலில் நாங்கள் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோன கூர்ப்பு விதிகளின்படியே மாறியிருக்கிறது.

வெங்காயம் செய்கிற ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதல்முறை மருந்தடிக்கப் புழு கொட்டுப்படும். சில போகம் போனபிறகு அதே மருந்தை இரட்டிப்பாக அடித்தாலும் அசையாது. தாக்குப்பிடிக்கக்கூடிய ஒன்றிரண்டு புழு முதலே அங்கே இருந்திருக்கும். மற்றதெல்லாம் செத்துப்போக, தோட்டம் அதுகளின்ர பரம்பரைக்குக் கிடைத்துவிடுகிறது.

புற்றுநோயில் இது மிகத் தெளிவாகப் பிடிபட்டது சீஎம்எல் என்ற குருதிப் புற்றுநோயில். அதில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒட்டுப்பட்ட இடத்திலிருந்து பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் உருவாகி, நிற்காமல் பெருகச் சொல்லிக் கலத்துக்குக் கட்டளை போடுகிறது. அந்தப் புரதத்தின் குழியொன்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் குளிசைதான் இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே மாதம் டைம் சஞ்சிகை குளிசைகளை அட்டையில் போட்டு, புற்றுநோய்ப் போரின் தோட்டாக்கள் என்று கொண்டாடியது. கொண்டாட வேண்டிய விசயம்தான். சில வருசத்தில் ஆளைக் கொண்டுபோன நோயோடு, தினமும் குளிசை போட்டுக்கொண்டு பல வருசம் வாழ முடிந்தது.

ஆனால் அதே 2001இல் சார்ள்ஸ் சோயர்ஸின் ஆய்வுக்குழு, மருந்துக்கு அடங்காத சிலரின் கலங்களில் ஒரு விகாரத்தைக் கண்டது. புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதிலாக ஐசோலியூசின். ஒரேயொரு அமினோவமிலம்! அதன் பருமனால் குழிக்குள் இடம் காணாமல் போனது, குளிசை பிடித்துக்கொள்ளும் கொழுவியும் போச்சு. 2006இல் டசாட்டினிப்பும் 2007இல் நிலோட்டினிப்பும் வந்து வேறு பல விகாரங்களை அடக்கின. இந்த 315இடம் இரண்டும் தோற்றன. 2012இல் வந்த பொனாட்டினிப் அதையும் அடக்கியது, ஆனால் சிலரில் நாடிகளையும் சேர்த்து அடைத்தது. எனக்குப் பிடித்தது 2021இல் அனுமதி பெற்ற அசிமினிப். அது பழைய குழியில் மல்லுக்கட்டாமல், அதே புரதத்தின் வேறொரு பொந்துக்குள் போயிருந்து முழுப் புரதத்தையும் முடக்குகிறது. முன்கதவுப் பூட்டை மாத்தினால் குசினிப் பக்கத்தால போறமாதிரி.

இப்படிப் புதிய இலக்குகள் கட்டாயம் தேவை. ஆனால் "புதிய இலக்கு கண்டுபிடிப்பு" என்ற செய்தியைப் பகிர்கிற நாங்கள், அதோடு கதை முடிந்த மாதிரித்தான் பகிர்கிறோம். நாற்பது வருசமாக மருந்து எட்டாத இலக்கு என்று கைவிடப்பட்டிருந்த கேராஸ் புரதத்துக்கும் 2021இல் சோட்டோராசிப் வந்தது. நுரையீரல் புற்றுநோயில் பலருக்கு ஒரு வருசத்துக்குள் நோய் அதையும் தாண்டிவிட்டது. போர் மொழியில் யோசித்தால் இன்னும் பெரிய தோட்டாதான் தேட வேண்டும்.

அமெரிக்காவின் மொஃபிற் புற்றுநோய் நிலையத்தில் ரொபேட் கேற்றன்பியின் குழு, பூச்சிக் கட்டுப்பாட்டைப் பார்த்தே வேறுமாதிரி யோசித்தது. பரவிய புரொஸ்டேட் புற்றுநோய்க்கு அபிராட்டரோன் கொடுத்து, பீஎஸ்ஏ அளவு பாதியானதும் நிறுத்தினார்கள். பழைய அளவுக்கு ஏறியதும் திரும்பத் தொடங்கினார்கள். மருந்துக்கு அடங்கும் கலங்களை வேணுமெண்டே கொஞ்சம் மிச்சம் விட்டால், அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு அடங்காதவற்றைப் பெருகவிடாது என்பது கணக்கு. 2017இல் வந்த முடிவில், வழமையான முறையைவிட நோய் நீண்டகாலம் அடங்கியிருந்தது. மருந்தும் பாதிக்குக் குறைவாகவே செலவானது. 11 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு, அதை வைத்து வைத்தியமுறையை மாற்ற ஏலாது. ஆனாலும் பல புதிய குளிசைகளை விட இந்த யோசனையைப் பெரிதாக நினைக்கிறேன்.

இதை வாசிச்சிட்டு ஒருத்தரும் வீட்டில் குளிசையை நிறுத்திப் பார்க்க வேண்டாம். சீஎம்எல்லில் கதை நேர்மாறு. லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் 87 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், குளிசைகளில் 80 வீதமோ அதற்குக் குறைவோ எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட மூலக்கூற்று மட்டத்தில் நோய் அடங்கவில்லை.

ஒழுங்காக எடுப்பது நோயாளியின் கையில் மட்டும் இருக்கிற விசயமும் இல்லை. 2022 நெருக்கடியில் இங்கே புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்ததைப் பார்த்தோம். தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய் வருகிற ஒருவருக்கு நோய் திரும்பினால், உடம்பில் பழி போடமுதல் கேட்க மூன்று கேள்வி இருக்கிறது. குளிசை ஒழுங்காகக் கிடைச்சதா? எடுக்கக்கூடியதாக இருந்ததா? எந்த விகாரம் எண்டு பரிசோதிச்சுப் பார்த்தாச்சா?