மின்கிட்டார் காலமும் பினாங்கின் மரபுதான்

சியாட்டல் நகரிலுள்ள சப்ளைம் ஃப்ரீக்குவென்சீஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் 2014இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1964 முதல் 1970 வரை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெளிவந்த ‘பாப் யே யே’ பாடல்களைத் திரட்டி, அட்டையில் ‘சைக்கடெலிக் ராக்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தொகுத்தவர் கார்ல் ஹாம் என்ற அமெரிக்கர். அடுத்த ஆண்டே அந்தக் காலத்துப் பாடகர் அட்னான் ஒத்மானின் பாடல்களுக்கென்று தனித் தொகுப்பும் வந்தது. இங்கே சீந்துவாரற்றுக் கிடந்த சின்ன இசைத்தட்டுகளை எங்கோ இருப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் நம் மண்ணில் பிறந்த ஓர் இசையைச் சேகரிக்கும் வேலையோடு, அதற்குப் பெயர் வைத்து வரலாறு எழுதும் வேலையையும் பிறரிடம் விட்டுவிட்டோம். சைக்கடெலிக் ராக் என்பது லண்டனுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் மட்டும் உரிய கதை என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதுதான் இதற்குக் காரணம். அது துறைமுகங்களின் கதை. ஆகவே பினாங்கின் கதையும்தான்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு போதையில் தொடங்கும். எல்எஸ்டி பரவியது, 1966இல் டெக்சஸிலிருந்து தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழு ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லையே தன் ஆல்பத்தின் தலைப்பில் வைத்தது, 1967இல் பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம் வந்தது என்று அது போகும். இதில் பொய்யில்லை. ஆனால் போதையை ஒதுக்கிவிட்டு ஒலியை மட்டும் கேட்டால் வேறொரு வரலாறு தென்படும். பீட்டில்ஸ் 1966இல் வெளியிட்ட ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் கடைசிப் பாடல் ஏறக்குறைய ஒரே சுரத்தின் மீது நிற்கிறது. அதன் அடியில் தம்புரா விடாமல் மீட்டப்படுகிறது. பேர்ட்ஸ் குழு அதே ஆண்டில் செய்த சோதனைக்கு ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனும் ரவிசங்கரின் சிதாரும் தூண்டுதல். அதற்கும் ஓராண்டு முன்பு கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ், பம்பாயில் மீனவர்கள் பாடியதைக் கேட்ட நினைவில் ஒரு பாடலைக் கட்டினார். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பஞ்சு நூலிழையைச் செருகி, அதை மயிரிழை அளவு நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினால், தெளிவாக இருந்த தந்தியொலி திடீரென்று ரீங்காரமாக விரிந்து எழும். நம்மவர்கள் அந்த இழையை ஜீவாளி என்பார்கள். 1962இல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற காலடிப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அது மின்கிட்டாரின் ஒலியைச் சிதைத்து இரைய வைத்தது. இரண்டின் பொறிநுட்பமும் வேறு. காது தேடிய நிறைவு ஒன்றுதான்.

அந்த ஒலி பினாங்குக்கு வந்து சேர வழிகள் நிறையவே திறந்திருந்தன. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் மேடையேறிய பிறகு, மலாயாவின் ஊர்தோறும் மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ் என்று இளைஞர் குழுக்கள் முளைத்தன. மலாய்க்காரர்கள் அவற்றைக் ‘குகிரான்’ என்றார்கள். பினாங்கு 1969 வரை தீர்வையில்லாத் துறைமுகம். வெளிநாட்டுச் சரக்கு எதுவும் முதலில் வந்து இறங்கும் ஊருக்கு இசைத்தட்டும் வாத்தியமும் மட்டும் வராமல் இருக்குமா? எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளம் 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்தது. அந்தப் படையினரின் குடும்பங்கள் தீவில் வாழ்ந்தன. வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் பினாங்கு ஒரு தங்குமிடம். விடுப்பில் வந்தவர்கள் ஆட வேண்டும், ஆடுவதற்குக் குழு வேண்டும், குழுவுக்கு அன்றைய புதுப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். 1964இல் எம். ஒஸ்மானின் ‘சூசானா’ வந்தபோது மலாய் மொழியில் ‘பாப் யே யே’ என்ற அலையே கிளம்பியது. ஜெஃப்ரிடின், ஏ. ரம்லி, எல். ராம்லி, காசிம் சலாமாட் என்று நீளும் வரிசை அது.

இதே கதை வேறு ஊர்களிலும் ஏறத்தாழ அப்படியே நடந்திருக்கிறது. தென்கொரியாவில் ஷின் ஜுங் ஹியான் தன் கிட்டாரைப் பழகியது அமெரிக்கப் படைத்தளத்து மேடைகளில். கம்போடியாவில் சின் சிசாமுத்தும் ரோஸ் சேரேசொதியாவும் கெமர் மெட்டுகளை மின்கிட்டாருக்கும் ஆர்கனுக்கும் மேல் பாடினார்கள். துருக்கியில் எர்கின் கொராய், பாரிஷ் மாஞ்சோ போன்றவர்கள் கிராமத்து ராகங்களை ராக் இசையோடு இணைத்தார்கள். பிரேசிலில் ஓஸ் முதாந்திஸ், ஜாம்பியாவில் விட்ச். இவர்களில் எவரும் சான்பிரான்சிஸ்கோவின் கிளை அலுவலகம் இல்லை. ஒவ்வொருவரும் கையில் கிடைத்த புது ஒலியைக் கொண்டு தம் வீட்டுப் பாட்டை மறுபடியும் கேட்டுப் பார்த்தவர்கள்.

இவையெல்லாம் வெறும் நகல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்கு மலாய்ச் சொற்களைப் போட்டுப் பாடிய இசைத்தட்டுகள் அன்று ஏராளமாக வந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல பாப் யே யே பாடல் ஒன்றைக் கவனித்துக் கேளுங்கள். கிட்டார் ஷேடோஸ் வழியில் போகும், குரல் போகாது. அது மலாய் மரபின் அஸ்லி பாட்டுக்கே உரிய நெளிவுகளோடு சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும், சில இடங்களில் இந்தித் திரைப்பாட்டின் சாயலும் எட்டிப் பார்க்கும். காசிம் சலாமாட் தன் பாவியான் சமூகத்தின் மொழியிலேயே பாடி மக்களை ஆட வைத்தார். தம்புராவை எடுத்துக்கொண்டதற்காக பீட்டில்ஸை நாம் நகல் என்று சொல்வதில்லை. மேற்கு கடன் வாங்கினால் அதற்குச் சோதனை என்று பெயர், கிழக்கு வாங்கினால் நகல் என்று பெயர் வைக்கும் அளவுகோலை நாமே தூக்கிச் சுமப்பது நியாயமில்லை.

போதை பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. பினாங்கில் அது வெறும் கற்பனையுமல்ல. 1970களின் தொடக்கத்தில் பத்து பெரிங்கியிலும் தெலுக் பகாங்கிலும் ஹிப்பிகள் தங்கினார்கள். அந்தப் பத்தாண்டில் ஹெராயின் இந்த நாட்டுக் குடும்பங்களைச் சிதைத்தது. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் 1975இல் தூக்குத் தண்டனை சேர்க்கப்பட்டதும், 1983இல் கடத்தலுக்கு அது கட்டாயமாக்கப்பட்டதும் அந்தப் பின்னணியில்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரிடம் இந்த இசையை ரசியுங்கள் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. ஆனாலும் இசையையும் நஞ்சையும் ஒரே மூட்டையில் கட்டுவது பிழை. பாப் யே யே பாடல்கள் பெரும்பாலும் காதலையும் பிரிவையும் பாடியவை. ஒலியாலேயே மனிதரைத் தன்னை மறக்கச் செய்ய முடியும் என்பதற்கு நமக்கு மேல்நாட்டுச் சான்றும் தேவையில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளக் குழுவின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். வளைந்த குச்சி ஒன்று உறுமியின் தோலில் அழுந்தி உரச, அந்த முனகல் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும். மறுபக்கத்து அடி வேகம் கூடக்கூடக் காவடி எடுத்தவரின் கால் தரையில் நிற்காது. அவர் விரதமிருந்து வந்தவர்.

இன்னொரு மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். பாப் யே யே பாடிய எவரும் தங்களைச் சைக்கடெலிக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெயர், தட்டு விற்க வேண்டிய சேகரிப்பாளர்கள் பின்னால் ஒட்டியது. பல பாடல்கள் எளிய துள்ளலிசைதான். 1967க்குப் பிறகு வந்த சிலவற்றில்தான் இரையும் கிட்டாரும் ஆர்கனும் முழுதாக வெளிப்படுகின்றன. ஆனால் இந்த வாதம் என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. எந்தப் பாடலுக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று பிரித்துச் சொல்ல, எல்லாப் பாடல்களும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். இன்று இருப்பது வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கண்ணில் பட்டவை மட்டுமே.

தமிழருக்கு இதில் என்ன பங்கு என்றும் கேட்கலாம். பினாங்கில் பிறந்த பி. ரம்லியை 1950இல் ‘பக்தி’ படத்தில் முதன்முறையாகக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். பினாங்கில் 1960களின் இறுதியில் டேவிட் ஆறுமுகமும் அவர் சகோதரர் லோகநாதனும் தொடங்கிய அலிகேட்ஸ், ஹாங்காங் மேடைகளில் பாடித் தேர்ந்து, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதற்கும் சொந்தமான குழு ஆனது. அலிகேட்ஸ் சைக்கடெலிக் குழு அல்ல. ஆனால் மின்கிட்டார் காலம் பினாங்கில் போட்ட மேடை இல்லாமல் இரு தமிழ் இளைஞர்கள் அந்த உயரத்துக்குப் போயிருக்க முடியாது. லோகநாதன் 2007இல் மறைந்தார். தமிழ்நாட்டுத் திரையிசையின் நிலையும் இதேதான். இளையராஜாவின் பழைய மின்னிசைப் பாடல்களைத் தொகுத்து மேல்நாட்டுக்கு அறிமுகம் செய்தது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்.

இந்த இசை தானாக மறையவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தோனேசியாவில் பீட்டில்ஸ் பாணியில் வாசித்ததற்காக கூஸ் பெர்சௌதாரா குழுவினர் 1965இல் சிறை சென்றார்கள். பிரேசிலின் ராணுவ ஆட்சி கீட்டானோ வெலோசோவையும் ஜில்பெர்த்தோ ஜில்லையும் நாட்டைவிட்டே அனுப்பியது. அதிபரைப் புகழ்ந்து பாட்டெழுத மறுத்த ஷின் ஜுங் ஹியான் 1975இல் கஞ்சா வழக்கில் கைதானார், அவர் பாடல்கள் தடை செய்யப்பட்டன. சிசாமுத்தும் சேரேசொதியாவும் கெமர் ரூஜ் ஆட்சியில் மடிந்தார்கள். 1996இல் அவர்கள் காலத்துப் பாடல்களை அமெரிக்காவில் தொகுத்து வெளியிட்டபோது, பாடியவர் யார் என்றுகூட அட்டையில் போட வழியில்லை. நம் பக்கம் அவ்வளவு கொடுமை நடக்கவில்லை. சிங்கப்பூரில் நீண்ட முடிக்காக 1972இல் லெட் செப்பலின் குழுவைத் திருப்பி அனுப்பினார்கள். மலேசியாவில் 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு சூழலே மாறியது. 1971இல் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு எது தேசியப் பண்பாடு என்று வரையறுத்தபோது, மேற்கத்தியக் கிட்டாருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. மிச்சத்தை அலட்சியம் பார்த்துக்கொண்டது. வெளியாகும் ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டமே 1986இல்தான் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தட்டுகளை அது எப்படிக் காப்பாற்றும்?

2008இல் யுனெஸ்கோ பினாங்கின் ஜார்ஜ்டவுனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு, கடைவீட்டு ஓட்டுக்கும் சாளரத்துக்கும் விதிமுறைகள் வந்தன. பி. ரம்லி பிறந்த வீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. நல்ல காரியங்கள். பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கின் மக்கள் இசை பற்றிப் பெரிய நூலே எழுதினார்கள். கொம்தார் கட்டடத்தில் பினாங்கு இசை இல்லத்தை உருவாக்கியவரும் அகஸ்டின்தான். ஆனால் இந்தப் பாடல்களைச் சேகரித்துக் காக்கும் பொறுப்பு ஒரு தனிமனிதரின் ஆர்வத்தோடு நின்றுவிடக்கூடாது. மாநில அரசும் மரபுக் காப்பில் ஈடுபட்டிருக்கும் அமைப்புகளும் இதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமைச் சிக்கல் வரும் என்பார்கள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை, அது வெளியானதிலிருந்து 50 ஆண்டுகளுக்குத்தான். 1970 வரை வெளியான தட்டுகளுக்கு அது முடிந்துவிட்டது. மெட்டமைத்தவர், பாட்டெழுதியவர் உரிமை அவர்கள் இறந்து 50 ஆண்டுகள் வரை நிற்கும் என்பதால், அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி பெற வேண்டியிருக்கும். அந்த அனுமதிக்காக வீடு வீடாகப் போகும்போதே தட்டில் பெயர் அச்சிடப்படாத கிட்டார்காரரையும் டிரம்ஸ் வாசித்தவரையும் கேட்டறிந்து எழுதிக்கொள்ளலாம். அன்று இருபது வயதில் மேடையேறியவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.